பின்கதவைப் பிடித்தவர்கள்

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி, அவன் மனைவி, அவன் மகள், மாப்பிள்ளை, வெல்டர். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் ஏறி நின்ற தையல்காரரின் தலையும் தோளும் மட்டுமே எங்கள் பக்கம் இருந்தன. வாய் தலையில்தான் இருக்கிறது என்பதால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். வேறு யாரும் இல்லை. 'நான் அங்கேதான் நின்னேன், என் கண்ணால பார்த்தேன்' என்று இப்போது சொல்லித் திரிகிறவர்களில் ஒருவரும் அன்று எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. கேட்டைப் பூட்டியவள் நான். சாவி என் இடுப்பில் இருந்தது.

எங்கள் வீட்டுத் தொழில் சலவை. இரண்டு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எங்கள் தொட்டிகளில்தான் நனைகின்றன. யார் வீட்டில் என்ன நோய், யாருக்கு எவ்வளவு ரத்தம் போனது என்பது விரிப்பைப் பிரித்தாலே தெரிந்துவிடும். 'துணியில் பார்த்ததைத் தெருவில் பேசக் கூடாது' என்பது எங்கள் அப்பா போட்ட விதி. பார்த்ததைத் தண்ணீரோடு விட்டுவிடுவோம். அப்படி வாயை மூடிக்கொண்டு பிழைத்த வீட்டைப் பற்றித் தெரு வாயைத் திறந்திருக்கிறது. அதனால்தான் நான் இதைச் சொல்கிறேன்.

முதலில் விரிப்பு மடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். காய்ந்த விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறுவோம். நீளவாக்கில் மடித்த பிறகு ஒருவர் மற்றவரை நோக்கி நடந்து வந்து தன் முனைகளை அவர் கையில் சேர்ப்பார். சேர்த்த உடனே குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துத் தூக்குவார். இதில் பேச்சு கிடையாது. கொதிகலன் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. எதிராளியின் விரல்முட்டி உன் விரல்முட்டியில் பட்டால் அவர் வாங்கிவிட்டார் என்று பொருள். பட்ட கணமே உன் கை திறந்துவிட வேண்டும். யோசித்துத் திறந்தால் மடிப்பு கோணிவிடும். என் தம்பி மனைவி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். போகப் போகப் பழகிக்கொண்டாள். இன்று அவளும் தம்பியும் மடித்தால் விரிப்பு காற்றிலேயே சதுரமாகிக் கீழே இறங்குவதுபோல இருக்கும்.

அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி போன பிறகு, தாயில்லாப் பிள்ளையை வைத்துக்கொண்டு தம்பி தடுமாறியபோது, நான்தான் போய்ப் பெண் கேட்டு அழைத்து வந்தேன். மாற்றாந்தாய் என்றால் தெரு ஒரு கதையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கதைக்கு இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வரிகூடக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்ணை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை எங்களோடேயே தொழிலில் சேர்ந்து வண்டியையும் எடுத்துக்கொண்டார்.

வண்டி என்பது ஒரு பழைய பெட்டி ஜீப். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் காட்டுப்பாதையில் ஓட்டியவராம். மேலே திறக்கும் அதன் பின்கதவில் கனத்த இரும்புத் தகடு அடித்து, வெளிப்பக்கம் ஒரு சட்டம் பூட்டி, அதில் ஸ்டெப்னி டயரைத் தொங்கவிட்டிருந்தார். அதைக் கதவு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு பக்கமும் தாங்கிப்பிடிக்கும் கேஸ் ராடுகள் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொட்டியில் துணி துழாவுகிற கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துத்தான் மூட்டைகளை ஏற்றி இறக்குவோம். அண்மையில், கதவைக் கூரையோடு பிணைக்கும் இரண்டு கீல்களில் இடது கீல் வேறு விரிசல் விட்டு, கதவைத் திறக்கும்போதெல்லாம் பல் நறநறக்கிற மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

அன்று காலையில் வானம் மூட்டமாக இருந்தது. காற்றும் சரியில்லை. கொடியில் கிடந்த விரிப்புகள், ஆளில்லாத வீட்டில் கதவு அடித்துக்கொள்வதுபோலப் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தன. எல்லோரும் தொட்டி ஓரமாக நின்று தேநீர் குடித்தோம். ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்து என் தம்பி மனைவி சொன்னாள்.

"நல்லா சாப்பிட்டுக்கோங்க மாப்பிள்ளை. அந்தக் கதவு ஒருநாள் உங்க தலையிலதான் விழப்போகுது."

"விழுந்தா கதவுக்குத்தான் சேதம், அத்தை. உங்க பொண்ணு என் தலையைக் கருங்கல்லுன்னுதானே சொல்றா?"

"கருங்கல்லுன்னா எதுக்காவது உதவும்" என்றாள் அவர் மனைவி. "துணியாவது துவைக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். மதிலுக்கு அப்பால் தையல் மெஷின் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

வெல்டர் தன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலேயே மாட்டிக்கொண்டு அலைகிற மனிதர். கதவைச் சுற்றி வந்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்டெப்னியைக் கழட்டிட்டா பாதிக் கனம் போயிடுமே?" என்றான் தம்பி.

"நேத்தே பார்த்தேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. "நட்டு துருப்பிடிச்சு, சட்டத்தோடயே பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கு. அறுத்தாதான் உண்டு."

"அறுக்கலாம். பொறி டயர்ல பட்டா என்னைக் கேட்கக் கூடாது" என்றார் வெல்டர். "முதல்ல இடது கீலை மாத்திடுவோம். ஒண்ணைக் கழட்டும்போது இன்னொண்ணு தாங்கும்."

"தாங்குமா?" என்றேன்.

"இத்தனை வருஷம் தாங்கலையாம்மா?"

அது ஒரு பதில் மாதிரி இருந்தது. வலது கீலின் அடியில் கூரைத் தகடு எப்படி இருக்கிறது என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஸ்பேனரோடு வண்டியின் பின்பக்கம் ஏறி, எங்களைப் பார்த்து மண்டியிட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்தார். கட்டை அவர் முகத்துக்கு நேரே நின்றது. கதவின் பாரத்தில் போல்ட்டுகளும் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

"கட்டையை எடுத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மேல தூக்கிக் கொடுங்க. போல்ட் லேசாயிடும்" என்றார் வெல்டர்.

தம்பி வலது மூலையைப் பிடித்தான். அவன் மனைவி இடது மூலையைப் பிடித்தாள். கட்டையை எடுத்து நான் சுவரில் சாத்தினேன். வேலை நடப்பதை வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது. போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

"வந்துடுச்சு" என்றார் மாப்பிள்ளை. கடைசி போல்ட் அவர் முழங்கால் பக்கத்தில் உருண்டது.

"அப்படியே பிடிச்சிருங்க, வயரை இழுத்துட்டு வந்துடறேன்" என்று வெல்டர் இஸ்திரி அறைப் பக்கம் போனார். உள்ளே தம்பி மகள் இஸ்திரிப் பெட்டிகளை நிறுத்தி, அவருக்கு மின்சாரம் விடத் தயாராக இருந்தாள்.

அப்போதுதான் வலது பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது, யாரோ அட்டைப்பெட்டியைக் கிழிப்பதுபோல. இரும்பு அப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கூரைத் தகடு துருவில் பிய்ந்து, கீல் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. கதவு தன் கையில் சாய்வதை உணர்ந்த தம்பி நடுவில் வந்து தாங்கிக்கொள்ளப் பார்த்தான். விளிம்பை விடாமல் கையை அப்படியே இடது பக்கம் நகர்த்தினான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கைகளைத்தான். அவன் விரல்முட்டி அவள் விரல்முட்டியில் பட்டது. அவள் கை திறந்தது. திறந்தது மட்டும் இல்லை. அவள் இடுப்பு வளைந்து குனிந்தாள். கீழே தொங்காத ஒரு மடிப்பைத் தேடி அவள் கைகள் போயின.

கதவு விழுந்தது.

மாப்பிள்ளை சத்தம் கேட்டதும் வெளியே தாவப் பார்த்திருக்கிறார். பாதி வந்துவிட்டார். கதவின் அடிவிளிம்பு அவர் தோளில் இறங்கி, அவரை வண்டியின் விளிம்போடு சேர்த்து அழுத்தியது. தலையும் ஒரு கையும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. கதவின் பூட்டு நாக்கு, கட்டை விரல் தடிமனில் ஓர் இரும்புக் கொக்கி, அவர் பிடரிக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் நின்றது. நின்றதற்குக் காரணம் தம்பி விடாமல் பிடித்திருந்ததும், குனிந்தவள் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துவிட்டதும்தான்.

கொடியில் விரிப்புகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

"மாப்பிள்ளை" என்றான் தம்பி.

"இருக்கேன் மாமா." குரல் சாக்குக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "மூச்சு விட முடியுது. பெருசா விட முடியல."

"கை?"

"வெளிய இருக்கிற கை இருக்கு. இன்னொண்ணு இருக்கான்னு தெரியல."

மகள் ஓடி வந்தாள். வந்தவள் கத்தவில்லை. புருஷனின் தலைக்கு நேரே மண்ணில் உட்கார்ந்து, வெளியே கிடந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெல்டர் வயரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "தூக்குங்க, தூக்குங்க" என்றார்.

"எங்க தூக்குறது?" தம்பியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "வலப்பக்கம் பாருங்க முதல்ல."

வெல்டர் அண்ணாந்து பார்த்தார். "ஒரு முனையில ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் மெல்ல. "இந்தப் பக்கம் தூக்கினா அந்தப் பக்கம் பிய்ஞ்சுடும். பிய்ஞ்சா மொத்தமா இறங்கிடும், டயரோட."

மொத்தமாக இறங்கினால் கொக்கி எங்கே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஜாக்கி எங்க?" என்றேன்.

"உள்ள. எனக்குப் பின்னாடி" என்றார் மாப்பிள்ளை. டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் கம்பி வலை அடித்திருந்தது. அந்தப் பக்கம் வழி இல்லை.

மதில் மேல் தலை முளைத்தது. "ஐயையோ, என்னாச்சு? ஆளைக் கூப்பிடட்டுமா? நாலு பேர் வந்தா ஒரே தூக்கு."

"வேண்டாம்" என்றேன்.

"அத்தை, கூப்பிடச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"தெரு வந்தா என்ன செய்யும்? நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் கதவைத் தூக்குவான். அது பிய்ஞ்ச பிறகு கதையைத் தூக்கிட்டுப் போவான். ஆம்புலன்ஸுக்கு மட்டும் போன் பண்ணுங்க, தையல்காரரே. அதைப் பண்ணுங்க. எட்டிப் பார்க்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

தலை மறைந்தது. இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு ஒன்று ஆனால் அவர் அம்மாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் தம்பி மகளைப் பற்றிய எண்ணம் வந்தது.

"அக்கா, என் கை ரொம்ப நேரம் தாங்காது" என்றான் தம்பி. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடாமல், இமைக்காமல், தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் போய்த் தாங்கலாம் என்று நான் கை நீட்டினேன்.

"தொடாதீங்க" என்றாள். நான் அவளிடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. "அண்ணி, என் கையை யாரும் தொடாதீங்க. யாரும். தொட்டா திறந்துடும்."

நீட்டிய என் கை பின்வாங்கிவிட்டது.

"தொடல" என்றேன். "யாரும் தொட மாட்டாங்க."

வெல்டர் வண்டியின் அடியில் குனிந்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. மாப்பிள்ளை மூச்சு விடுவது எண்ணி எண்ணி விடுவதுபோல இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கதவு மயிரிழை எழுந்து இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வலது பக்கம் அந்த அட்டைக் கிழிசல் சத்தம் கொஞ்சம் கேட்டது.

"பேசாதீங்க" என்றாள் மகள் அவரிடம்.

"பேசலையே."

"மூச்சும் மெதுவா விடுங்க."

"அதையும் வேணாம்னு சொல்லிடாதே."

அவள் சிரிக்கவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் தம்பி மனைவி சொன்னாள். "முறுக்கலாம்."

"என்ன?"

"தொட்டியில பெரிய விரிப்பு ஊறிக்கிட்டு இருக்கு. கூரை மேல கேரியர் கம்பியில ஒரு சுத்து, ஸ்டெப்னி சட்டத்துல ஒரு சுத்து. நடுவுல கட்டையைக் கொடுத்து முறுக்குங்க. பிழியற மாதிரி. முறுக்கினா சுருங்கும். சுருங்கினா ஏறும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "ரெண்டு பக்கமும். ஒரே சமயத்துல. ஒரே அளவு."

நனைந்த விரிப்பை இரண்டு பேர் முறுக்கிப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும், அதற்குள் என்ன பலம் இருக்கிறதென்று. கொஞ்சம் அசந்தால் எதிரே நிற்கிற ஆளையே இழுத்துப் போட்டுவிடும். நான் தொட்டிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. மகள் புருஷனின் கையை விட்டுவிட்டு வர ஒரு கணம் தயங்கினாள்.

"போ" என்றார் அவர். "நான் எங்கயும் போகல."

சோப்பு நீர் சொட்டச் சொட்ட இரண்டு விரிப்புகளைத் தூக்கி வந்தோம். வெல்டருக்கு இப்போது கையில் ஒரு வேலை கிடைத்தது. பம்பரில் கால் வைக்காமல், வண்டி ஒரு துளி அசையாமல், கவிழ்த்துப் போட்ட காலித் தொட்டி ஒன்றின் மேல் நின்று, கூரைக் கேரியரின் கம்பியில் விரிப்பைக் கோர்த்து, கீழே ஸ்டெப்னி சட்டத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுபக்கமும் அப்படியே. ஈரத்தில் வழுக்கி ஒரு முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது.

சுவரில் சாத்தியிருந்த கட்டை இடது பக்கத்துக்கு, தொட்டியில் கிடந்த கட்டை வலது பக்கத்துக்கு. இடது பக்கம் வெல்டரும் மகளும் நின்றார்கள். வலது பக்கம் கவிழ்த்த தொட்டியின் மேல் நான் ஏறினேன்.

"அக்கா, உன்னால முடியுமா?" என்றான் தம்பி.

"உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. நீ இந்தக் கதவைவிட அடம்."

"நீங்க சொல்லுங்க சித்தி" என்றாள் மகள். "எப்ப முறுக்கணும், எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க."

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். கதவு விழுந்ததிலிருந்து அவள் தன் கையிலிருந்து கண்ணை எடுத்தது அப்போதுதான்.

"ஒரு சுத்து" என்றாள்.

முறுக்கினோம். விரிப்பு முனகியது. தண்ணீர் ஓடியது.

"நிறுத்துங்க. இன்னொரு சுத்து. வெல்டரே, நீங்க வேகம். அண்ணிக்கு ஈடா வாங்க."

மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "கழுத்துல என்னமோ வழியுது. ரத்தமா? பெரியம்மா, ரத்தமா பாருங்க."

எட்டிப் பார்த்தேன். "தண்ணி. சோப்புத் தண்ணி, மாப்பிள்ளை. வேற ஒண்ணும் இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கூடிப்போனா வெளுத்துடுவீங்க, அவ்வளவுதான்."

"இன்னொரு சுத்து" என்றாள் தம்பி மனைவி.

வலது கீல் கிழிந்தது. இந்த முறை முழுதாக. அந்தச் சத்தத்தை நான் இப்போதும் சில சமயம் கேட்கிறேன், விரிப்பு உதறும்போது. கதவு ஓர் அங்குலம் வழுக்கியது. நான் கட்டையோடு சேர்ந்து முன்னால் சரிந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கதவு நின்றிருந்தது. இரண்டு ஈர விரிப்புகளில், கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொட்டலம் தொங்குவதுபோலத் தொங்கியது. கொக்கி அவர் சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் விடலையே?" என்றாள் அவள்.

"விடல" என்றான் தம்பி.

"விடல சித்தி."

"இன்னொரு சுத்து."

ஏறியது. இன்னொன்று. காலருக்கும் கொக்கிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தோளுக்கும் விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிற இடம் வந்தது.

"உள்ள போயிடுங்க மாப்பிள்ளை. வெளிய வராதீங்க. பின்னாடி நகருங்க."

அவர் வயிற்றால் உந்தி, உடும்பு பொந்துக்குள் போவதுபோல, பின்னால் நகர்ந்தார். கை போனது, தலை போனது. தகடு அடித்த கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கட்டைகள் சுழன்று அவிழாமல் வெல்டர் கம்பியில் வைத்துக் கட்டினார். கூடுதலாக இரண்டு விரிப்புகளையும் கட்டினார். "போதும். இனி இறங்காது. கையை எடுக்கலாம்" என்றார்.

தம்பி கையை எடுத்தான். எடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் விரல்கள் மடங்கிய நிலையிலேயே இருந்தன.

அவள் எடுக்கவில்லை.

"எடுத்துடு" என்றான் அவன். "கட்டியாச்சு. நீ பிடிக்க வேண்டியதில்லை."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளங்கை விளிம்பில் அறுந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது. அவன் எழுந்து அவள் பக்கம் வந்தான். "வராதீங்க" என்றாள். அவன் நின்றுவிட்டான். தொடாமல் அவளை எப்படிப் பிரிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக். அவள் கை இருந்த இடத்துக்கு நேரே, தகட்டின் மறுபக்கம்.

"அத்தை" என்றார் மாப்பிள்ளை. "உள்ள ஜாக்கியை நிமிர்த்தி முட்டுக் கொடுத்துட்டேன். ஒத்தைக் கைதான் வேலை செய்யுது, ஆனா கொடுத்துட்டேன். கதவு இப்ப என்கிட்ட இருக்கு. கேட்குதா? என்கிட்ட இருக்கு."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வாங்கிட்டீங்களா?" என்றாள்.

"வாங்கிட்டேன் அத்தை."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது கேட்டைத் திறந்தேன். கம்பி வலையை அறுத்து அவரை முன்பக்கமாக இறக்கினார்கள். கழுத்தெலும்பு ஒன்று உடைந்திருந்தது. தோள் கழன்றிருந்தது. விரல்கள் அசையுமா என்று இரண்டு நாள் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் கொதிகலன் எரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தது நாங்கள் வெளுத்த விரிப்பில். அதன் ஓரத்தை நீவியபடி என் தம்பி மனைவி கட்டுப் போட்ட கைகளோடு கால்மாட்டில் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வரும் வழியிலேயே தையல்காரரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். அன்று காலையில் தம்பி மனைவி தேநீர்க் கோப்பையோடு சொன்ன சொல் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. சொன்ன சிரிப்பு வந்து சேரவில்லை.

"என் பையன் தலையில விழும்னு வாயால சொன்னவளே கையால விட்டிருக்கா" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "உங்க வீட்டுல இப்படித்தானா?"

நடந்ததை நடந்தபடி சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தச் சின்ன அறையில், இத்தனை வருஷம் கட்டிக் காத்த எல்லாம் மாப்பிள்ளையின் வாயில் போய் நின்றது. அவர் ஒரு சொல் கோணலாகச் சொன்னால் போதும். அவர் கதவின் அடியில் கிடந்தபோது எனக்கு வந்த பயத்துக்குக் கொஞ்சமும் குறையாத பயம் அப்போதும் வந்தது.

அவர் கால்மாட்டைப் பார்த்தார். போர்த்தியிருந்த விரிப்பின் முனையை நல்ல கையால் எடுத்து நீட்டினார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடி. எதிர்ப்பக்கம் நீங்க பிடிங்க, அத்தை. மடிச்சுக் காட்டுங்க."

அவருடைய அம்மா ஒன்றும் புரியாமல் பிடித்தார். தம்பி மனைவி கட்டுப் போட்ட கையோடு எதிர் முனைகளைப் பிடித்தாள். மடித்தாள். நடந்து வந்தாள். விரல்முட்டி பட்டது. அவள் கை திறந்தது, இடுப்பு குனிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாங்கத் தெரியவில்லை. விரிப்பு தரையில் விழுந்தது.

"இதான்மா நடந்தது" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மாள் தரையில் கிடந்த விரிப்பையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து எடுத்தார். வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டார். அவளிடமும் சொல்லிக்கொண்டார்.

இப்போது மாப்பிள்ளைக்கு விரல்கள் அசைகின்றன. கதவுக்குப் புதுக் கீல், புதுக் கூரைத் தகடு, புது கேஸ் ராடுகள். டயரைக் கழற்றிக் கூரை மேல் போட்டாயிற்று. ஒற்றை விரலால் தொட்டால் கதவு தானாக மேலே போகிறது. ஆனாலும் அதன் அடியில் யாரும் நிற்பதில்லை. மூட்டையை எடுத்ததும் ஓரெட்டுப் பின்னால் வைத்துவிடுகிறோம். நானும்தான்.

மடிக்கும் இடத்தில்தான் மாற்றம். தம்பியும் அவளும் இப்போது பேசி மடிக்கிறார்கள். அவள் நடந்து வந்து, முனையைச் சேர்த்து, கையைத் திறக்காமல் நின்று கேட்கிறாள். "வாங்கிட்டீங்களா?" கொதிகலன் இரைச்சலில் அவனுக்குக் கேட்பதில்லை. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு "வாங்கிட்டேன்" என்கிறான். வேலை முன்பு ஓடிய வேகத்தில் ஓடவில்லை. ஓடாவிட்டால் போகட்டும்.

என் தம்பி மனைவி மாப்பிள்ளை தலைமேல் கதவை விட்டுவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் விடவில்லை. கொடுத்தாள்.